சோப்பாகிப் போன இருபது மூட்டை அரிசி

இருபது மாட்டு வண்டி விறகை ஒரே பகலில் இருபது மூட்டை அரிசியாக மாற்றிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் அழகேசன். அந்த இருபதில் ஏழு வண்டி விறகு ஏற்கெனவே எரிந்து சாம்பலாகிப் போயிருந்தது. அதனால் என்ன? சாம்பலையும் சேர்த்துத்தான் மாற்றினார்.

மந்திரம் கிந்திரம் ஒன்றும் தெரியாது அவருக்கு. கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணிக் கடைத்தெருவில் ஒரு மேசையும் முக்காலியும் போட்டு, எழுத்துத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்தவர். மனு எழுதாத நேரத்தில் துப்புத் துலக்குவார். காணாமல் போன கோழியிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு கண்டுபிடித்திருப்பதாக அவர் சொல்வார். மூன்று என்று ஹனீபா சொல்வான். அந்த மூன்றிலும் ஒரு கோழி தானாகத் திரும்பி வந்தது என்பான்.

முகம்மது ஹனீபா அவருடைய உதவியாளன். பாக்கார் ஆராங்கில் தேநீர்க் கடை வைத்திருந்தவன். ஜப்பான்காரன் வந்ததும் முதலில் சர்க்கரை போனது, பிறகு பால் போனது, பிறகு தேயிலை போனது. மிஞ்சியது வெந்நீரும் ஹனீபாவின் வாயும். வெந்நீருக்கு ஆள் வரவில்லை. வாயை மட்டும் எடுத்துக்கொண்டு அவன் அழகேசனிடம் வந்து சேர்ந்தான்.

1943ஆம் வருடம், ஜூலை மாதம், ஒரு காலைப்பொழுது. இருவரும் ஒரே சைக்கிளில் கோலா கெத்தில் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள். டயருக்குள் காற்றுக்குப் பதிலாக ரப்பர் துண்டுகளை அடைத்திருந்ததால், ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கும் சத்தம் பினாங்கு வரை கேட்டது. ஹனீபா மிதித்தான். அழகேசன் பின்னால் கேரியரில் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார்.

“அண்ணே, நீங்க எழுதின மனுவாலதான் அந்தம்மா மாட்டிக்கிச்சு. இப்ப துப்பறியவும் நீங்களே போறீங்க. வெசத்தையும் குடுத்துட்டு நாடி பார்க்கவும் போற டாக்டர் மாதிரிலா இருக்கு.”

“மிதி.”

“நெசத்த சொன்னா மிதிங்கிறீங்க. மிதிச்சா மெதுவாங்கிறீங்க.”

அழகேசன் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். ஹனீபா சொன்னதில் பிழை எதுவும் இல்லை என்பதுதான் காரணம்.

கோலா கெத்திலுக்கு அருகே இருந்த ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் ஆண்களைப் பெரும்பாலும் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியது பெண்களும் பிள்ளைகளும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பிரேமாவதி என்ற பெண், பூட்டிக் கிடந்த பிள்ளைக் கொட்டகையைத் திறந்தாள். காலையில் அறுபத்து மூன்று பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் கஞ்சி. அப்புறம் மணலில் எழுத்து. மதியத்துக்கு மேல் பெண்கள் சேர்ந்து சோப்புக் காய்ச்சி, தஞ்சோங் டாவாய் மீன்காரர்களிடம் கொடுத்துக் கருவாடு வாங்கிக்கொள்வார்கள். அரிசி தீர்ந்துபோய், கஞ்சி வெறும் மரவள்ளித் தண்ணீரானபோது, உணவுக்குப் பொறுப்பாயிருந்த லெப்டினன்ட் மொரியோக்காவுக்கு ஒரு மனு போட்டாள். அழகேசன் எழுதிய மனு. படித்தால் கல்லும் கரையும் என்று அவரே சொல்லிக்கொண்ட மனு.

கல் கரைந்தது. லெப்டினன்ட் இருபது மூட்டை அரிசி கொடுக்க ஒப்புக்கொண்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணிக்கு ஒரு சீட்டும் எழுதி அனுப்பினார். பிள்ளைகளோடு நின்று படம் பிடித்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, தம்முடைய தர்மத்தைக் கண்ணால் பார்க்க வந்தவர், பானையில் மரவள்ளித் தண்ணீரைப் பார்த்தார். பிரேமாவதியை மூன்று கேள்வி கேட்டார். அவள் மூன்று பதில் சொன்னாள். மறுநாள் தோட்டத்து ஆபீஸ் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது: ராணுவம் தந்த இருபது மூட்டை அரிசியை எரித்துச் சோப்பாக்கியதை இந்தப் பெண் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள். அதன்படி, இன்று நாலு மணிக்கு அவளைக் கொண்டு போவார்கள். கொட்டகையை இடிப்பார்கள்.

அப்படிக் கொண்டு போன யாரும் திரும்பி வந்து, போன இடம் எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

“நாலு மணின்னா எந்த நாலு மணிண்ணே? சூரியன் நாலு மணியா, தோக்கியோ நாலு மணியா?”

“தோக்கியோதான்.”

“அப்ப நமக்கு ரெண்டரைலா! பாவிங்க. அரிசிய எடுத்தானுங்க, சைக்கிள எடுத்தானுங்க, பகல்லயும் ஒன்றரை மணி நேரத்த எடுத்துக்கிட்டானுங்க.”

ஹனீபா வேகமாக மிதித்தான்.

கொட்டகை வாசலில் மருத்துவச்சி மருதம்மாள் நின்றிருந்தாள். முந்தின நாள் சுங்கைப் பட்டாணி வரை நடந்தே வந்து செய்தி சொன்னவள் அவள்தான். காலில் துணி சுற்றியிருந்தது.

“வாங்கண்ணே. பேனா மட்டுமா கொண்டாந்தீங்க? இன்னொரு மனு எழுதிடாதீங்க. மிச்சமிருக்கறது நான் ஒருத்திதான், என்னையும் பிடிச்சிட்டுப் போயிடுவானுங்க.”

ஹனீபாவுக்கு அவளை உடனே பிடித்துப்போனது.

உள்ளே ஆறு பானைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு பிள்ளையின் கணுக்காலை மருதம்மாள் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

“நாப்பது பிள்ளைக்கு இப்பிடி நீர் கோத்துக்கிச்சு. தவிட்டோட நாலு நாள் அரிசிக் கஞ்சி குடுத்தா வத்திடும். மரவள்ளிய குடுத்துக்கிட்டே இருந்தா…” அவள் பிள்ளையின் காலைத் துணியால் மூடினாள். “போன மாசம் ரெண்டு போயிருச்சு.”

ஹனீபாவுக்கு எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. அந்தப் பள்ளத்தை இன்னொரு முறை பார்த்தான். பின்பக்கம் போனான். போனவன் வாயைப் பிளந்தான்.

கொட்டகைக்குப் பின்னால் விறகு மலை போல் அடுக்கப்பட்டிருந்தது. பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டிப் பிளந்த விறகு. அதன் உச்சியில் ஏறி நின்றால் ஜெராய் மலை தாழ்வாகத் தெரியும்.

“அக்கா! பொங்கறதுக்கு ஒண்ணுமில்லாத அடுப்புக்கு இவ்வளவு வெறகா? ராஜா வீட்டுக் கல்யாணத்துக்கே இவ்வளவு போகாதுக்கா!”

“கிராணி அனுப்பி வெச்சாரு. இருபது வண்டி. நாங்க கேட்டது அரிசி. வெறகு முன்னால வருது, அரிசி பின்னால வரும்னு இருந்தோம். ஏழு வண்டிய எரிச்சு, சாம்பலெடுத்து, செம்பனை எண்ணெயில சோப்புப் போட்டோம். அரிசி இன்னிக்கு வரைக்கும் வரல.”

அழகேசன் விறகைச் சுற்றி ஒருமுறை நடந்தார். ஒரு கட்டையை எடுத்து மோந்து பார்த்தார். ஹனீபா கேட்டான்: “என்னண்ணே, வேகுமா?”

பிரேமாவதியைப் பூட்டி வைத்திருந்தது பழைய மருந்துக் கொட்டகையில். காவலுக்கு வாட்ச்மேன் சின்னையா. அவர் பேரப்பிள்ளையும் அந்த அறுபத்து மூன்றில் ஒன்று. இருவரும் ஜன்னல் பக்கம் போனதும், வானத்தில் ஏரோப்ளேன் எதுவும் வருகிறதா என்று அவர் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேமாவதிக்கு முப்பது வயதிருக்கும். அழுத முகம் இல்லை. கோபமான முகம்.

“அழகேசண்ணே, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வெறக எரிக்கறது எந்த ஊர்ல குத்தம்?”

“அந்த ஆளு கேட்டத ஒரு வார்த்த விடாம சொல்லும்மா. நீ சொன்னதையும்.”

“அவரு மலாய்லதான் கேட்டாரு. ‘காயு, டுவா புலோ, சூடா தெரீமா?’ன்னாரு.”

மலாயில் காயு என்றால் விறகு, மரக்கட்டை. இருபது விறகு வாங்கிக்கொண்டாயா என்று கேட்டிருக்கிறார்.

“வாங்கிட்டேன்னேன். வாங்கினது நெசம்தானே? கையெழுத்தும் போட்டேன். எங்கன்னாரு. எரிச்சாச்சுன்னேன். எதுக்குன்னாரு. சோப்புக்குன்னேன். அம்புட்டுதான்! மூஞ்சி செவந்துருச்சு. நாக்காலிய ஒதைச்சாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. தோட்டத்துல எத்தன வருசமா வெறகு எரிக்கிறோம்! இதுக்கு ஒரு கோவமா?”

அழகேசன் கண் மின்னியது. தோளைத் தட்டி ஹனீபாவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“கேட்டது வெறகு. சுவத்துல ஒட்டினது அரிசி. ரெண்டுக்கும் நடுவுல எதுவோ நடந்திருக்கு, ஹனீபா.”

“எதுவோ இல்லண்ணே, எவனோ. கிராணி. அரிசிக்கு வந்த சீட்டுக்கு வெறக அனுப்பிட்டு அரிசிய அமுக்கிட்டான். முடிஞ்சிருச்சு. வாங்க, ஒதைக்கலாம்.”

“சீட்ட முதல்ல பார்ப்போம். ஒதைக்கறத அப்புறம் வெச்சுக்கலாம்.”

கிராணி நடராஜா ஸ்டோர் வாசலில், ஒரு பூட்டிய கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். தோட்டத்துச் சாமான்கள் எல்லாம் அவர் பொறுப்பு. தலைக்கு மேல் சுவரில், கண்ணாடி போட்ட சட்டத்தில், ஜப்பான் மொழியை மூன்று மாதம் படித்துத் தேறியதற்கான சான்றிதழ். அதற்குக் கீழே பூ. தீபம் ஒன்றுதான் குறை.

“ஐயா, லெப்டினன்ட் கொடுத்த சீட்டப் பார்க்கலாமா?” என்றார் அழகேசன்.

நடராஜா சீட்டை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். ஜப்பான் எழுத்தில் இரண்டே எழுத்து. பக்கத்தில் இருபது என்ற எண். கீழே சிவப்பு முத்திரை.

“இந்தத் தோட்டத்துல இத வாசிக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்” என்று விரலால் தொட்டுக் காட்டினார். “கா… யு… காயு. வெறகு இருபது. ஒடனே இருபது வண்டி அனுப்பிட்டேன். ஒரு கட்ட கொறையல.”

“ஜப்பான் எழுத்துல மலாய் வார்த்தையா?”

“லெப்டினன்ட் துவான் நல்லா மலாய் பேசுவாரு. நம்ம ஆளுங்களுக்குப் புரியணும்னு மலாய்லயே எழுதியிருக்காரு. பெரிய மனசு.”

“மூணு மாசம் படிச்சீங்களே, எழுத்து மட்டும் படிச்சீங்களா, அர்த்தமும் படிச்சீங்களா?” என்றான் ஹனீபா.

“எழுத்து தெரிஞ்சா அர்த்தம் தானா வருது, தம்பி.”

ஹனீபாவின் கண் அவர் தலைக்கு மேலே போனது. பூட்டிய அறையின் சாளரத்தில் குருவிகள். ஒன்றிரண்டு அல்ல, கெடா மாநிலத்துக் குருவிகள் மொத்தமும் அங்கேதான் மாநாடு போட்டிருந்தன. கம்பி வழியாக உள்ளே போவதும், அலகைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவதுமாய் இருந்தன.

“உள்ள என்ன கிராணி ஐயா?”

“தட்டுமுட்டுச் சாமான்.”

“குருவிங்க எப்பருந்து தட்டுமுட்டுச் சாமான் திங்க ஆரம்பிச்சுது?”

நடராஜாவின் முகம் வெளிறியது. இரண்டு கையையும் விரித்துக் கதவோடு ஒட்டிக்கொண்டார். “தொறக்க முடியாது! உத்தரவு இல்லாம தொறந்தா என் தல போயிரும்! போங்க, போங்க!”

ஹனீபா சட்டைக் கையை மடித்தான். அழகேசன் அவன் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

“அண்ணே! அரிசி உள்ளதான் இருக்கு! குருவியே சாட்சி சொல்லுது!”

“இருக்கு. ஆனா பக்கத்துல அவரு சாப்பாட்டுத் தூக்குச்சட்டியப் பார்த்தியா?”

“பார்த்தேன். மரவள்ளி. உப்புக்கூட இல்ல.”

“நீ இருபது மூட்ட அரிசியத் திருடினா, அதுமேல சாஞ்சுக்கிட்டு மரவள்ளியத் திம்பியா?”

ஹனீபா யோசித்தான். யோசிக்கும்போதே வாயூறியது. “திங்க மாட்டேன்.”

“கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு நிக்குது அந்தாளுக்கு. அது திருடன் இல்ல, பயந்தாங்கொள்ளி. சீட்டு வந்த அதே வாரம் எவனோ லாரியில அரிசிய எறக்கிட்டுப் போயிருக்கான். கையில இருக்கற சீட்டு வெறகுன்னு சொல்லுது. சீட்டில்லாத ராணுவ அரிசி. தொட்டாலும் தல போகும், கேட்டாலும் தல போகும். பூட்டிக்கிட்டு உக்காந்துட்டாரு.”

“அப்ப திருடனே இல்லையா? என்ன கேஸுண்ணே இது, பொணம் இல்லாத சாவு வீடு மாதிரி?”

“திருடன் இருக்கான். இந்தச் சீட்டுக்குள்ளதான் இருக்கான். லெப்டினன்ட்டோட மலாய தெனமும் கேக்கறது யாரு?”

ஹனீபா தலையைச் சொறிந்தான். “என் தங்கச்சி ஹமீதா. கோலா கெத்தில் ரெஸ்ட் ஹவுஸ்ல அந்தாளுக்கு அவதான் சமைக்கிறா.”

சைக்கிள் பறந்தது. வழியில் இரண்டு மாட்டு வண்டிகளையும் ஒரு ராணுவ லாரியையும் முந்தியது. லாரி நின்றுகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

ரெஸ்ட் ஹவுஸ் சமையலறையில் ஹமீதா ஒரு சின்னப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் கரண்டியை ஓங்கினாள்.

“நானா, கிட்ட வராத! இது துவானோடது. ஒரு பருக்க கொறஞ்சாலும் கண்டுபிடிச்சிருவான்.”

“இது என்னம்மா?” என்று கேட்டார் அழகேசன்.

“கஞ்சிதான். அந்தாளுக்கு வயிறு சரியில்ல. மூணு வேளையும் இதேதான்.”

“மலாய் நல்லா பேசறாராமே?”

ஹமீதா கரண்டியை வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்படியும் நிற்கவில்லை.

“நூறு வார்த்த தெரியும். அதுலயும் பாதி அவுக பாஷ. வந்த மொத நாளு, வயித்தப் பிடிச்சிக்கிட்டு ‘காயு, காயு’ன்னாரு. வயித்துவலிக்கு வெறகானு நெனச்சேன். அவுக ஊரு வைத்தியம் எதுவோன்னுட்டு, ரெண்டு கட்டைய நல்லாத் தொடைச்சு, தட்டுல வெச்சு, மேசையில கொண்டுபோய் வெச்சேன்.”

“வெச்சே?” என்றான் ஹனீபா.

“தட்டு என் தலைக்கு மேல பறந்துச்சு! நான் கிறுக்கின்னு முடிவு பண்ணிட்டாரு. அப்புறம் தாளெடுத்துப் படம் போட்டுக் காமிச்சாரு. பான, அரிசி, தண்ணி. அவுக பாஷயில காயுன்னா கஞ்சிலா, நானா!”

அழகேசன் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

அடுப்பில் கஞ்சி தளதளவென்று கொதித்தது. ஹனீபா விரல் விட்டு எண்ணுகிறவனைப் போல ஒவ்வொன்றாகச் சொன்னான்.

“கஞ்சி இருபது மூட்ட வாங்கிட்டியா? வாங்கிட்டேன். எங்க? எரிச்சிட்டேன். எதுக்கு? சோப்புக்கு.”

சொல்லி முடித்ததும் சிரிப்பு பீறிட்டது. அடுத்த நொடியே தலையில் கை வைத்துக்கொண்டான். அந்த மூன்று பதிலுக்காகத்தான் ஒரு பெண்ணை இன்னும் ஒரு மணி நேரத்தில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள்.

“அண்ணே, இத அந்தாளுகிட்ட யாரு சொல்றது? துவான், உங்க மலாய் தப்பு, நீங்க எழுதின சீட்டு தப்புன்னு சொன்னா, அந்தம்மாவோட சேத்து நம்ம ரெண்டு பேரயும் லாரியில ஏத்துவானே!”

“தப்புன்னு சொன்னாத்தானே ஏத்துவான்” என்றார் அழகேசன். எழுந்தார். “ஹமீதா, ஒரு செரட்டயில ரெண்டு கரண்டி கஞ்சி குடும்மா.”

“ஐயோ, கண்டுபிடிச்சிருவான்!”

“கண்டுபிடிக்கட்டும். அதுக்குத்தான் கொண்டுபோறேன்.”

ஒரு கையால் சைக்கிளையும் ஒரு கையால் சிரட்டையையும் பிடித்துக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் ஏழாங்கட்டை வரை ஹனீபா ஓட்டி வந்தான். சர்க்கஸ்காரன் பார்த்திருந்தால் தொழிலை விட்டிருப்பான்.

தோக்கியோ நாலு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் லெப்டினன்ட் மொரியோக்கா கொட்டகை வாசலில் வந்து இறங்கினார். குள்ளமான மனிதர். இடுப்பில் நீளமான வாள். கூடவே இரண்டு சிப்பாய்கள். கூடியிருந்த பெண்கள் குனிந்தார்கள். சின்னையா குனிந்தார். நடராஜா ஏற்கெனவே குனிந்துதான் இருந்தார். பிரேமாவதியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் குனிந்தது தலையை மட்டும்.

அழகேசன் முன்னால் வந்து போட்ட வணக்கம் இருக்கிறதே, நெற்றி முழங்காலைத் தொட்டது. கால் நிமிடம் அப்படியே நின்றார். பிறகு, அந்தச் சீட்டைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, எளிய மலாயில் ஆரம்பித்தார்.

“துவான் பெரிய அறிவாளி. ஒரே சொல்லில் இரண்டு உத்தரவு எழுதியிருக்கிறீர்கள். இங்கே இருப்பவர்கள் முட்டாள்கள். பாதி உத்தரவைத்தான் நிறைவேற்றினார்கள்.”

லெப்டினன்ட்டின் புருவம் உயர்ந்தது.

அழகேசன் விறகு மலையைக் காட்டினார். “மலாய் காயு. வந்துவிட்டது.”

கையை நீட்டினார். ஹனீபா சிரட்டையை அதில் வைத்தான். வைத்த கையோடு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டான்.

“நிப்பொன் காயு, உங்கள் நாட்டுக் காயு. இன்னும் வரவில்லை.”

லெப்டினன்ட் விறகைப் பார்த்தார். கஞ்சியைப் பார்த்தார். சீட்டை வாங்கித் தம்முடைய எழுத்தைப் பார்த்தார். மறுபடி விறகைப் பார்த்தார். முகம் வெளுத்து, சிவந்து, பிறகு இன்னதென்று சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்தது. ரெஸ்ட் ஹவுஸில் தட்டில் வந்த இரண்டு கட்டைகள் அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

வலது கை இடுப்புக்குப் போனது. பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். ஹனீபா சாகிற நேரத்துக் கலிமாவைச் சொல்லத் தொடங்கினான்.

கை வாளைத் தாண்டிப் போய் வயிற்றைத் தடவிக்கொண்டது.

“விறகு இல்லாமல்,” என்றார் லெப்டினன்ட் மெதுவாக, “கஞ்சி எப்படிக் காய்ச்சுவது?”

“முடியவே முடியாது, துவான்!” என்றார் அழகேசன்.

“முதலில் விறகு. பிறகு கஞ்சி. நான் அப்படித்தான் எழுதினேன்.”

“அப்படியேதான் எழுதினீர்கள், துவான்!”

லெப்டினன்ட்டின் நெஞ்சு நிமிர்ந்தது. தாம் எவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறோம் என்பது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. சட்டென்று திரும்பினார். “கிராணி! இரண்டாவது காயு எங்கே?”

நடராஜா தடாலென்று மண்டியிட்டார். “இருக்கு துவான்! சீட்டில்லாம வந்துச்சு துவான்! தொடல துவான்! இருபது நாளா தூங்கல துவான்!” என்று தமிழிலேயே கதறிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு திறந்தது. கெடா மாநிலத்துக் குருவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே பறந்தன. அவற்றுக்குப் பின்னால் இருந்தது அரிசி. இருபது மூட்டையும் இருந்தது. நெடியடிக்கும் சுண்ணாம்பு கலந்த, பாதி நொய்யும் கொஞ்சம் வண்டுமான அரிசிதான்; ஆனாலும் மருதம்மாள் ஒரு கைப்பிடி அள்ளி முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

“இந்தப் பெண்?” என்று ஒரு சிப்பாய் பிரேமாவதியைக் காட்டினான்.

லெப்டினன்ட் அவளைப் பார்த்தார். அவள் பயப்படாமல் அவரைப் பார்த்தாள். அவருக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

“சோப்பு,” என்றார் கடுமையாக. “காட்டு.”

அவள் கொட்டகையிலிருந்து பழுப்பு நிறத்தில் நான்கு கட்டி எடுத்து வந்தாள். அவர் ஒன்றை மோந்து பார்த்தார். நான்கையும் பையில் போட்டுக்கொண்டார். பிறகு வெயிலில் அரை மணி நேரம், ஒரு சொல் போதுமான இடத்தில் இரண்டு சொல் எழுதக் கூடாது என்ற சிக்கனத்தைப் பற்றி, ஏறக்குறைய இரண்டாயிரம் சொற்களில் ஒரு பிரசங்கம் செய்தார். யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். போகிற போக்கில் ஆபீஸ் சுவரிலிருந்த அறிவிப்பைத் தம் கையாலேயே கிழித்தார். நடராஜாவின் மொழிப் புலமையை மெச்சி அவரை அடுத்த வகுப்புக்கு அனுப்பும்படி உத்தரவும் போட்டார். சயாம் ரயிலுக்குப் போகச் சொன்னது போல நடராஜா அழுதார்.

வண்டி சாலையில் மறையும் வரை பிரேமாவதி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, இரண்டு நிமிடம் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். எழுந்தபோது சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“பானைய நிமித்துங்க. ஆறையும்.”

வெயில் இறங்கும் முன் ஆறு பானையும் கொதித்தது. அறுபத்து மூன்று பிள்ளைகள் சிரட்டையோடு வரிசையில் நின்றார்கள். கொட்டகையின் நடுவில் அழகேசன் முக்காலி போட்டு உட்கார்ந்து, பார்க்காதவர்களுக்கு நடந்ததைச் சொன்னார். அவர் சொன்னபடி, லெப்டினன்ட் தேம்பித் தேம்பி அழுதார். வாளைக் கழற்றி அழகேசன் காலடியில் வைத்தார். தோக்கியோவுக்கு வந்துவிடும்படி கையைப் பிடித்துக் கெஞ்சினார். அழகேசன்தான் மனு எழுதும் வேலை கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்.

கடைசி லயத்து வீடுகளிலிருந்து இப்போதுதான் வந்த செல்லாயி என்பவள் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள். “வெறகு வண்டி அரிசி மூட்டையாச்சாம். அண்ணே, பொம்பளைங்கன்னா எத வேணாலும் சொல்லலாமா?” அவள் ஹனீபா பக்கம் திரும்பினாள். “அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்கதான் இவரு பேச்ச நம்பாத ஆளாமே. இவரு சொல்றது நெசமா?”

கொட்டகை முழுவதும் அவனைப் பார்த்தது. அழகேசன் மட்டும் கூரையைப் பார்த்தார்.

ஹனீபா சிரட்டையை வாயிலிருந்து எடுத்தான். “அழுதான்னது பொய். வாளக் கொடுத்தான்னது பொய். தோக்கியோவுக்குக் கூப்பிட்டான்னது, நான் செத்தாலும் ஒத்துக்க மாட்டேன்.”

“அதான பார்த்தேன்” என்றாள் செல்லாயி.

எதிரே மருதம்மாள், கால் வீங்கிய அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஊதி ஊதிக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் விரலையும் சேர்த்துக் கடித்தது. பிரேமாவதி அகப்பையோடு அடுத்த பானைக்கு நகர்ந்தாள். ஹனீபாவின் நாக்கு நுனியில் ஒரு நல்ல கிண்டல் வந்து நின்றது. அது அங்கேயே கரைந்துபோனது.

“ஆனா வெறகு அரிசியானது இருக்குல்ல…” அவன் சிரட்டையைக் கீழே வைத்தான். “அது நடந்துச்சுக்கா. நான் பார்த்தேன்.”